வயரைக் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்: குமரி மாவட்ட ஊர் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கன்னியாகுமரி மாவட்டத்தின் பங்குப் பேரவைகள், சேகரக் கமிட்டிகள், கோயில் நிர்வாகக் குழுக்கள், ஜமாத்துகள், நிழல் தாங்கல் நிர்வாகிகள், வியாபாரிகள் சங்கங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள்.

பார்வைக்கு: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மாவட்ட ஆட்சியர், நாகர்கோவில்.

மதிப்பிற்குரியவர்களே,

ஊர் முக்கில் கேமரா வைத்துத் தாருங்கள் என்று ஸ்டேஷனிலிருந்து கேட்டால் நம் ஊர்களில் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. சங்கிலிப் பறிப்பு, பைக் திருட்டு, உண்டியல் உடைப்பு என்று அவர்கள் சொல்லும் காரணங்களும் பொய்யில்லை. 2020 ஜனவரி 8ஆம் தேதி களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொன்றவர்களைத் தேடப் பக்கத்துக் கேமராக்களின் பதிவுதான் முதலில் கைகொடுத்தது. எனவே கேமராவைக் கழற்றுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை.

கேமரா வாங்கும் பணம் உங்களுடையது. கரண்ட் பில் உங்களுடையது. நாளை வழக்கு என்று வந்தால் சான்றிதழில் இடப்போகும் கையெழுத்தும் உங்கள் செயலாளருடையது. ஆனால் அந்தப் படம் எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கிறது, எந்த மென்பொருளுக்குள் நுழைகிறது என்ற மூன்றையும் வேறு யாரோ வாய்மொழியாக முடிவு செய்கிறார்கள். இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே ஸ்டேஷனுக்கு நேரலையாகப் படம் போகும் வயரைக் கொடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதலில், கேமரா உண்மையில் எதைப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைகளில் அதிகம் விற்பது 2 மெகாபிக்சல், 2.8 மி.மீ. லென்ஸ் உள்ள கேமரா. படத்தின் அகலம் 1920 புள்ளிகள். பார்வைக் கோணம் சுமார் 100 டிகிரி. இதைக் கம்பத்தில் கட்டிவிட்டால் 10 மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 24 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். கணக்குப் போட்டால் ஒரு மீட்டருக்கு 80 புள்ளிகள். மனித முகத்தின் அகலம் சுமார் 16 செ.மீ. என்பதால் ஒரு முகத்துக்குக் கிடைப்பது 13 புள்ளிகள். சிசிடிவிக்கான பன்னாட்டுத் தர அளவின்படி, ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பார்த்து இன்னார் என்று சொல்லவே மீட்டருக்கு 125 புள்ளிகள் வேண்டும். முன்பின் தெரியாதவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250 வேண்டும். அதாவது நாலு முக்கு ஜங்ஷனில் உயரத்தில் தொங்கும் அந்தக் கேமரா, ஒருவர் சிவப்புச் சட்டை போட்டு எந்தப் பக்கம் போனார் என்று சொல்லும். அவர் யார் என்று சொல்லாது. முகம் வேண்டுமென்றால் 12 மி.மீ.க்குத் திருப்பிய லென்ஸோடு, ஐந்து மீட்டர் அகலமுள்ள ஒரு வழியை மட்டும், ஆள் உயரத்துக்குச் சற்று மேலிருந்து பார்க்க வேண்டும். அப்போது 10 மீட்டரில் முகத்துக்கு 55 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். எட்டுக் கேமரா போட்டுவிட்டோம், இனி ஒருவரும் தப்ப முடியாது என்று நினைக்கும் கமிட்டிகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

13 புள்ளி முகத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று தோன்றலாம். அதை முக அடையாள மென்பொருளில் போடும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது.

தமிழ்நாடு காவல்துறை 2021 அக்டோபரிலிருந்து முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா பிரிவு உருவாக்கிய அதை எஃப்.ஆர்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். குற்றப்பதிவு வலைப்பின்னலில் உள்ள குற்றம் சாட்டப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாத சடலங்கள் ஆகியோரின் படங்களோடு புதிய படத்தை அது ஒப்பிடும். ரோந்துக் காவலரின் கைபேசியிலும் ஓடும். இப்படிப்பட்ட மென்பொருள் இவர்தான் அவர் என்று சொல்வதில்லை. இவ்வளவு ஒற்றுமை என்று ஓர் எண்ணைத் தரும். எந்த எண்ணுக்கு மேல் போனால் ஆள் அகப்பட்டான் என்று எடுத்துக்கொள்வது என்பதை இயக்குபவர்தான் வைக்கிறார். மங்கலான படத்தைப் போட்டாலும் அது பெரும்பாலும் வெறும் கையோடு திரும்பாது. தன்னிடம் இருப்பதிலேயே நெருங்கிய முகங்களை வரிசையாக எடுத்து வைக்கும். அந்த வரிசையில் முதலில் வருபவர் களவாணியாக இருக்கலாம். மூன்று வருடம் முன்பு ஒரு வழிப்பாதைத் தகராறில் எஃப்.ஐ.ஆர். வாங்கிய தென்னை ஏறும் தொழிலாளியாகவும் இருக்கலாம்.

நல்ல படம், நல்ல மென்பொருள் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் ஒப்பீட்டில் பத்து லட்சத்தில் ஒன்றுதான் தவறும் என்ற அளவுக்குத் துல்லியமான மென்பொருள். தேடப்படுவோர் பட்டியலில் 10,000 படங்கள். வடசேரி பேருந்து நிலையத்தில் ஒரு நாளில் 20,000 முகங்கள் அதன்முன் கடந்து போகின்றன என்று கொள்வோம். ஒவ்வொரு முகமும் 10,000 படங்களோடு ஒப்பிடப்படுவதால் ஒரு முகம் தவறாக ஒத்துப்போகும் வாய்ப்பு நூற்றில் ஒன்றாகிவிடும். நாளொன்றுக்கு 200 தவறான மணியடிப்பு! உண்மையாகவே தேடப்படும் இரண்டு பேர் அன்று அங்கே வந்திருந்தாலும் அந்த 200க்குள் அவர்களைத் தேட வேண்டும். பட்டியல் பெரிதாகப் பெரிதாகத் தவறும் பெருகும். ஆனால் பட்டியலைச் சுருக்க வேண்டும் என்று எந்த அலுவலகமும் நினைப்பதில்லை, சேர்ப்பதற்குத்தான் படிவம் இருக்கிறது.

இது தாளில் போட்ட கணக்கு மட்டும் இல்லை. அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்களில் தவறான பொருத்தம் ஓர் இனக்குழுவுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் 10 முதல் 100 மடங்கு வரை வேறுபட்டது. டெல்லி காவல்துறை 2022இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கொடுத்த பதிலில், 80 விழுக்காடு ஒற்றுமை இருந்தால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அதே டெல்லியில், காணாமல் போன குழந்தைகளைத் தேட வாங்கிய மென்பொருள் ஆணையும் பெண்ணையும்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை என்று 2019இல் உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசே சொல்ல வேண்டி வந்தது. 2020இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறை, மென்பொருள் காட்டிய தவறான முகத்தை நம்பி ஒருவரைக் கைது செய்தது. அவர் போட்ட வழக்கு 2024இல் சமரசத்தில் முடிந்த பிறகு, மென்பொருள் பொருத்தத்தை மட்டும் வைத்து அந்த நகரத்துக் காவல்துறை யாரையும் கைது செய்ய முடியாது. தெலங்கானாவின் மேடக்கில் 2023இல் நடந்ததற்கு மென்பொருள்கூடத் தேவைப்படவில்லை. நகைத் திருட்டு வழக்கின் சிசிடிவி காட்சியில் இருப்பவர்போல இருக்கிறார் என்று ஒரு கூலித் தொழிலாளியைப் பிடித்துப் போனார்கள். காவலில் அடித்ததாகச் சொல்லிவிட்டு அவர் மருத்துவமனையில் இறந்துபோனார். மங்கல் படத்தின்மேல் கணினியின் முத்திரையும் விழுந்துவிட்டால், ‘நான் அவன் இல்லை’ என்று சொல்பவரின் பேச்சு இன்னும் எவ்வளவு எடுபடும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இனி, நம் மாவட்டத்துக்கென்றே உள்ள ஒரு விஷயத்துக்கு வருகிறோம். கடற்கரை ஊர்களின் பங்குப் பேரவைகள் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

போராட்ட வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். எப்படி எழுதப்படுகிறது என்று நம் ஊர்களில் பலருக்குத் தெரியும். முதலில் ஐந்தாறு பெயர்கள். அடுத்து, ‘மற்றும் பெயர் விலாசம் தெரியாத, பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய’ என்று சில நூறு பேர், சில சமயம் சில ஆயிரம் பேர். ஒக்கி புயலில் கடலில் போனவர்களைத் தேடச் சொல்லி 2017 டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் மக்கள் மறியல் செய்ததற்கு ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் பதிவானது. பக்கத்தில் கூடங்குளம் போராட்டத்தில் தேசத்துரோகப் பிரிவிலேயே ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்தார்கள். அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் பாஸ்போர்ட் எடுக்கப்போன இளைஞர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. கடலுக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போகும் மாவட்டம் இது. பாஸ்போர்ட் விசாரணையில் ஒரு வரி பாதகமாக எழுதினால் ஒரு குடும்பத்தின் ஒரு வருட வருமானம் போய்விடும்.

இதுவரை அந்த ‘மற்றும் பலர்’ என்ற வரிக்கு ஓர் எல்லை இருந்தது. கூட்டத்தில் நின்ற எல்லாருக்கும் பெயர் எழுத எந்த ஸ்டேஷனுக்கும் ஆள்பலம் கிடையாது. முக அடையாள மென்பொருள் அந்த எல்லையை எடுத்துவிடுகிறது. பங்கு முற்றத்தில் நீங்கள் வைத்த கேமராவின் பதிவையும் காவல்துறை எடுத்த வீடியோவையும் உள்ளே போட்டால், ஒரு வருடம் கழித்தும் பெயர்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போகலாம். சட்டத்தில் காலவரம்பு இருக்கிறதே என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். உண்மைதான்: பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 514ஆம் பிரிவின்படி ஒரு வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஒரு வருடமும், மூன்று வருடம் வரை உள்ளதற்கு மூன்று வருடமும்தான் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்கலாம். ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டால் வரம்பே இல்லை. அப்படி ஒரு பிரிவைச் சேர்ப்பது எவ்வளவு எளிது என்பதை கூடங்குளம் காட்டிவிட்டது. கிள்ளியூர் வட்டாரத்தில் அணுக்கனிமச் சுரங்கத்தை எதிர்த்துக் கூடுகிற கூட்டமானாலும் சரி, குடிதண்ணீர் கேட்டுக் குடத்தோடு ரோட்டில் உட்காருகிற பெண்களானாலும் சரி, கூட்டத்தில் பத்தோடு பதினொன்றாக நிற்பதில் இருந்த பாதுகாப்பு போய்விடுகிறது. அடுத்த முறை யார் வருவார்கள், யார் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்று பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் முதலில் ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும். முக அடையாளத்துக்கென்று நாடாளுமன்றமோ தமிழ்நாடு சட்டமன்றமோ இயற்றிய தனிச் சட்டம் கிடையாது. போன் ஒட்டுக்கேட்பில்கூட ஒரு சட்டம், உள்துறைச் செயலாளர் நிலையிலிருந்து ஓர் உத்தரவு, அதைச் சரிபார்க்க ஒரு குழு என்று ஒழுங்கு இருக்கிறது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இல்லாமல், சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ஒட்டுக்கேட்க முடியாது என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. உங்கள் முகத்துக்கு அந்த அளவு காவல்கூட இல்லை.

2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தைக் காட்டிப் படம் எடுப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அந்தச் சட்டம் யாருக்கு என்று அதன் 3ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது: தண்டனை பெற்றவர், நன்னடத்தைக்கோ அமைதி காக்கவோ பிணைப்பத்திரம் எழுதித் தர உத்தரவிடப்பட்டவர், கைது செய்யப்பட்டவர், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர். மற்றவரிடம் வாங்க வேண்டுமானால் நடுவரின் உத்தரவு வேண்டும். இரவு இரண்டாவது ஆட்டம் முடிந்து பைக்கில் வருபவரை நிறுத்தி முகத்தைப் படம் பிடிக்க அதில் இடமில்லை. எந்தப் பிரிவின்கீழ் எடுக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம். ஆனால் ‘107 போட்டுவிட்டார்கள்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அமைதி காக்கப் பத்திரம் வாங்கும் அந்தப் பிரிவு பி.என்.எஸ்.எஸ்.ஸின் புதிய எண்ணில் 126, அதில் பத்திரம் எழுதிக் கொடுக்க உத்தரவு வாங்கியவர் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். திருவிழாத் தகராறில் இரண்டு தரப்பிலும் இருபது பேருக்கு 107 போட்டுச் சமாதானம் பேசும் வழக்கம் உள்ள ஊர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பதிவுகள் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டுகள் இருக்கும். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, மேல்முறையீடு எல்லாம் முடிந்து விடுதலையானாலோ அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; அழித்தார்களா என்று எழுதிக் கேட்டால்தான் தெரியும்.

சேர்த்து வைத்ததன் பாதுகாப்பையும் பார்த்துவிட்டோம். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் அந்த முக அடையாளத் தளத்துக்குள் வெளியாள் நுழைந்துவிட்டார். நிர்வாகிக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு களவுபோயிருக்கிறது என்பதே முதல்கட்ட விளக்கம். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது.

சரி, கேமரா வைக்கிற விஷயத்துக்கு வருவோம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் உப்புக்காற்று வேறு. வயர் இணைப்புகளை வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுப் போனால் ஒரே பருவத்தில் பச்சை பூத்துவிடும். மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸ், தண்ணீர் உள்ளே போகாதபடி கீழ்நோக்கி வளைத்த வயர், தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப் ஆகியவற்றைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். இரவில் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை கட்டியதும் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். மாதம் ஒருமுறை துடைக்க ஆள் வைக்காத கேமரா, வழக்குக்குத் தேவைப்படும் இரவில் வெள்ளைத் திரையைத்தான் காட்டும்.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு ஒரு கணக்கு. படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியும் ஒரு கேமரா ஒரு நாளில் 21.6 ஜிபி எடுக்கும். எட்டுக் கேமராவுக்கு 173 ஜிபி. 2 டிபி டிஸ்க் போட்டால் பதினோரு நாளில் பழையதன்மேல் புதியது எழுதிவிடும். 30 நாள் வேண்டுமானால் 6 டிபி டிஸ்க் தேவை. 30 நாளுக்கு மேல் வைக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தெருக் குற்றத்துக்கு அதற்குள் புகார் வந்துவிடும். மிச்சமெல்லாம் யார் வீட்டுக்கு யார் வந்தார் என்ற கதைதான்.

கடிகாரம் இன்னொரு தொல்லை. கேமராப் படத்தைப் பதியும் பெட்டியான டிவிஆர்கள் பல சீன நேரத்துக்கு வைக்கப்பட்டு வருகின்றன. இணையத்தோடு நேரத்தை ஒத்துக்கொள்ளும் வசதியைப் போட்டுவிட்டு நேர மண்டலத்தை +5:30 என்று மாற்ற மறந்தால், பதிவு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். இணைய இணைப்பே இல்லாதது மாதக்கணக்கில் சில நிமிடங்கள் விலகிப் போகும். இரவு 9:10க்கு முக்கில் நின்ற பையன் 9:25க்கு நின்றதாகப் பதிவாகிவிட்டால், அவன் எங்கே இருந்தான் என்று விளக்க வேண்டிய பாரம் அவன் தலையில் விழும். மாதம் முதல் தேதி டிவிஆர் நேரத்தையும் கைபேசி நேரத்தையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கோர்ட்டில் அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு.

பாஸ்வேர்டு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் வெளியே போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். பொருத்த வருபவர் வேலை சீக்கிரம் முடிய admin என்ற கணக்குக்கு வாயில் வருகிற பாஸ்வேர்டைப் போட்டு, க்யூஆர் கோடு ஒன்றை எடுத்துச் செயலாளர், தலைவர், ஸ்டேஷன் ரைட்டர் எல்லார் கைபேசியிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். எல்லாரும் ஒரே நிர்வாகிக் கணக்கில் பார்ப்பார்கள். இன்ஸ்பெக்டர் மாறிப்போவார், அவர் கைபேசியில் உள்ள ஆப் மாறாது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் இணையத்தில் விற்பனைக்கு வந்ததும் இப்படிப்பட்ட பலவீனமான பாஸ்வேர்டால்தான்.

செய்ய வேண்டியது இது. நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு சங்கத்தில் இரண்டு பேரிடம் மட்டும், மூடி ஒட்டிய கவரில் ஒரு நகல். மற்றவர்களுக்குப் பார்வைக் கணக்கு. அதில் பழைய பதிவை எடுக்கவும், கேமராவைத் திருப்பவும், நகல் இறக்கவும் அனுமதியை எடுத்துவிட வேண்டும். டிவிஆரின் பதிவேட்டில் யார் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியும். அதை மாதம் ஒருமுறை பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கத் தேவையில்லை என்றால் இணையம் வழியாக டிவிஆருக்குள் வர வழி திறந்துவிடும் பி2பி, யுபிஎன்பி என்ற இரண்டு வசதிகளையும் அணைத்துவிடுங்கள். பல புதிய கேமராக்களில் மைக் இருக்கிறது. ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள், தெருவில் பேசுவதைக் கேட்க யாரும் உங்களிடம் பணம் தரவில்லை. வீட்டு ஜன்னல், குளிக்கும் படித்துறை, வழக்கறிஞர் அலுவலக வாசல், மதுப்பழக்கம் விட்டவர்கள் கூடும் அறை ஆகியவை கேமராப் படத்துக்குள் வந்தால் டிவிஆர் மெனுவில் தனியுரிமை மறைப்பு என்ற கறுப்புக் கட்டத்தை அவற்றின்மேல் போடலாம். ஐந்து நிமிட வேலை. புதிதாக வாங்குபவர்கள், 2025 ஏப்ரல் முதல் கட்டாயமான மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று அந்த மாடலுக்கு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பதிவு கேட்டு வந்தால் என்ன செய்வது? பி.என்.எஸ்.எஸ். 94ஆம் பிரிவின்படி ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி எழுத்து உத்தரவு கொடுத்துப் பதிவைக் கேட்கலாம். கொடுத்தால் மறுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் ‘அண்ணாச்சி, நேத்து ராத்திரி ஃபுட்டேஜ் அனுப்புங்க’ என்று வருவது உத்தரவு ஆகாது. உத்தரவில் குற்ற எண், எந்தக் கேமரா, எந்தத் தேதி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று இருக்கட்டும். அந்தப் பகுதியை மட்டும் பென்டிரைவில் எடுத்து, அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, எஸ்.எச்.ஏ.-256 முறையில் கணித்து எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். கருவியின் பொறுப்பாளர் போட வேண்டிய பகுதியில் கையெழுத்திடப்போவது நீங்கள்தான். டிவிஆரையே தூக்கிப் போவதானால் மகஜர் நகல் இல்லாமல் விடாதீர்கள். அதில் டிஸ்க்கின் வரிசை எண் இருக்க வேண்டும். மற்ற நாள்களின் பதிவும் அதில் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

இதோடு, 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்கள் வாசலுக்கு வருகிறது. வீட்டு உபயோகத்துக்குத் தனிநபர் வைக்கும் கேமராவுக்கு விலக்கு உண்டு, சங்கத்துக்கு அந்த விலக்கு இல்லை. 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதங்கள் கழித்து அமலாகும். பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் பயன்படுத்துபவருக்கு அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு பெரிய விலக்குகளைத் தருகிறது. கசிந்தால் மாட்டுபவர் யார் என்று இதிலேயே தெரிகிறது.

ஆகவே ஸ்டேஷனின் கட்டுப்பாட்டு அறைக்கு நேரலை இணைப்பு கேட்டால், பொதுக்குழுவைக் கூட்டி இப்படி ஒரு தீர்மானம் போடலாம். வார்த்தைகளை உங்கள் வழக்கறிஞர் திருத்திக்கொள்ளட்டும்:

“ஊர்ப் பொதுப்பணத்தில் பொருத்தப்பட்ட கேமராக்களும் அவற்றின் பதிவுகளும் இந்த நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கும். பதிவு 30 நாளுக்கு மேல் வைக்கப்படாது. எழுத்து உத்தரவின்பேரில், குறிப்பிட்ட கேமராவின் குறிப்பிட்ட நேரத்துப் பதிவு மட்டும் கொடுக்கப்படும். குழந்தை காணாமல் போதல், உயிராபத்து ஆகியவற்றில் உடனே காட்டப்படும். எழுத்து உத்தரவு 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும். பதிவும் நேரலையும் முக அடையாள மென்பொருளிலோ, ஆட்களைத் தானாகப் பின்தொடரும் வேறு மென்பொருளிலோ பயன்படுத்தப்படாது என்று காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து எழுத்தில் பெற்ற பிறகே நேரலை இணைப்பு தரப்படும். ஊர்க்கூட்டம், திருவிழா, போராட்டம் நடக்கும் நேரத்தில் நேரலையை நிறுத்தி வைக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.”

காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் ஆட்சியர் அவர்களுக்கும் சில வரிகள். தெருவில் கேமரா வைக்க மக்களைக் கேட்கும்போது, ஸ்டேஷனுக்குள் இருக்கும் கேமரா ஓடுகிறதா என்று மக்கள் திருப்பிக் கேட்பதில் குற்றமில்லை. 2020 டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், நடைபாதை, ஆய்வாளர் அறை உட்பட எதுவும் விடாமல், இரவுக் காட்சியும் ஒலியும் பதியும் கேமரா வேண்டும் என்றது. பதிவை 18 மாதம் வைக்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம். அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த பிறகு அங்கே விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டது என்ன? டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும், பதிவு தினந்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. பல நிலையங்களில் இன்னும் கேமரா ஓடுவதில்லை என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது.

சைனி வழக்குத் தீர்ப்பின்படி, நிலையக் கேமராக்களைக் கவனிக்கும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் நீங்கள் இருவரும் இருக்கிறீர்கள்; மாநகராட்சி மேயரோ மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவரோ கூட இருக்க வேண்டும். அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, எந்தெந்த நிலையத்தில் எத்தனை கேமரா பழுது, எத்தனை நாள் பதிவு இருக்கிறது என்ற விவரத்தை மாவட்ட இணையதளத்தில் போடுங்கள். முக அடையாள மென்பொருளைப் பற்றி இரண்டே கேள்விகள்: பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்று யார் முடிவு செய்கிறார், எந்த இடத்தில் பயன்படுத்துவது என்று யார் முடிவு செய்கிறார்? இந்த இரண்டையும் அந்தந்தக் காவலரின் விருப்பத்துக்கு விட்டதால்தான் 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சௌத் வேல்ஸ் காவல்துறையின் முக அடையாளப் பயன்பாட்டைச் சட்டவிரோதம் என்றது. தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் இதே தொழில்நுட்பத்தை எதிர்த்த பொதுநல வழக்கில் 2022இலேயே அரசுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.

ஊர் நிர்வாகங்கள் இதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழும் கேட்கலாம். மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, காவல் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். பொதுமக்கள் பணத்தில் வைத்த எத்தனை கேமராக்களின் நேரலை கட்டுப்பாட்டு அறைக்கு வருகிறது, முக அடையாளத்துக்கு எத்தனை விழுக்காட்டை எல்லையாக வைத்திருக்கிறீர்கள், கடந்த ஆண்டில் எத்தனை முறை தேடினீர்கள், அதில் எத்தனை பொருத்தம் தவறு என்று பிறகு தெரிந்தது, இதற்கான அரசாணை அல்லது சுற்றறிக்கையின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு.

எழுதித் தர முடியாது என்று ஸ்டேஷனில் சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். கேமரா ஓடட்டும், டிவிஆர் சங்க அலுவலகத்தில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், குற்றம் நடந்தால் உத்தரவு கொண்டுவந்து அன்றே பதிவை வாங்கிப் போகட்டும். நேரலை வயரை மட்டும் தீர்மானத்தின் நகலில் கண்காணிப்பாளர் அலுவலகத்துக் கையெழுத்து விழும்வரை கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்தில் கேமரா பொருத்தும் தொழிலாளர்கள், கணினிப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் சிலர்